பெட்டியைத் திறந்து காட்டுங்கள்!

வால்வு ரேடியோக்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இருபது வயதுக்காரர்களின் கையில் அவற்றை எப்படிச் சேர்ப்பது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், பீங்கான் ஜாடிகள், தேக்குத் தூண்கள். இவற்றுக்கு நடுவே, தூசு படிந்த துணி முகத்தோடு ரேடியோக்கள். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், ஜி.இ.சி., நேஷனல் எக்கோ. ஒரு காலத்தில் வீட்டின் நடுக்கூடத்தில், பூவேலை செய்த துணியால் மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டவை. கடைக்கு வரும் கல்லூரி மாணவர்கள் அவற்றின் முன் நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். பிறகு நகர்ந்துவிடுகிறார்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. உணவகத்துக்கோ விடுதிக்கோ அலங்காரம் தேடுபவர்கள் ஒரு வகை. தலை நரைத்த ரேடியோ பிரியர்கள் இன்னொரு வகை.

அந்த இரண்டாம் வகையினரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர்களுக்கு அடுத்து யார் என்பதைப் பற்றியும்.

தமிழ்நாட்டில் பழைய ரேடியோ சேர்ப்பவர்களில் கணிசமானோர் பணி ஓய்வு பெற்றவர்கள். தொலைபேசித் துறை, வானொலி நிலையம், மின்வாரியம், பாலிடெக்னிக் என்று ஏதோ ஒரு வகையில் கம்பியும் ஈயமும் பழகியவர்கள். மாடி அறையில் அலமாரி அலமாரியாகப் பெட்டிகள். பிஸ்கட் டப்பாக்களில் வால்வுகள், பழைய டைரிகளில் கையால் வரைந்த சர்க்யூட்டுகள். மகன் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். மகளுக்கு அந்த அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கவலை. அந்தப் பெரியவர் போன பிறகு என்ன நடக்கும் என்பது அவருக்கே தெரியும். காயலான் கடைக்காரர் வருவார், இரும்பு தனி, செம்பு தனி என்று எடை போடுவார். நாற்பது ஆண்டுத் தேடல் ஒரு மதியத்தில் தீர்ந்துவிடும்.

இது நம் ஊர்க் கவலை மட்டும் இல்லை. பிரிட்டனில் 1976இல் தொடங்கிய பழைய வயர்லெஸ் சங்கத்திலும், அமெரிக்காவில் 1952இல் பிறந்த ஆன்டிக் வயர்லெஸ் அசோசியேஷனிலும் இதே பேச்சுதான். தொடங்கியபோது உறுப்பினர்கள் இளைஞர்கள். சங்கத்துக்கு வயதாக ஆக அவர்களுக்கும் வயதானது. இங்கே நமக்கு அந்த அளவுக்குப் பெரிய சங்கங்களும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனித் தீவு.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே சார் பொறுமை?' என்பது சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதை நான் ஏற்கவில்லை. பொறுமை இல்லாத தலைமுறையா இசைத்தட்டு வாங்குகிறது? அமெரிக்காவில் 2022இல் எல்.பி. ரெக்கார்டுகளின் விற்பனை எண்ணிக்கை, 1987க்குப் பிறகு முதல்முறையாக, சி.டி.க்களை முந்தியது. 2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் பிலிம் சுருள் போட்டுப் படமெடுக்கும் கேமராவைப் புதிதாக வடிவமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சட்டகம் நிமிர்ந்த வாக்கில் இருக்கிறது. செல்போனை நிமிர்த்திப் பிடித்தே படமெடுத்துப் பழகியவர்களை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. 2008இல் போலராய்டின் கடைசி பிலிம் ஆலை நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் மூடப்படவிருந்தபோது, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து அதன் இயந்திரங்களை வாங்கி உயிர் கொடுத்தார்கள். பழைய தொழில்நுட்பத்தின் மேல் இளைஞர்களுக்குக் காதல் இருக்கிறது. அந்தக் காதல் ரேடியோவின் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை? இசைத்தட்டை வாங்கியவர் ஊசியை வைத்தால் பாட்டு வரும். கேமராவில் பிலிமைப் போட்டால் படம் விழும். பழைய ரேடியோவை வாங்கியவர் பிளக்கைச் செருகினால் பெரும்பாலும் எதுவும் வராது. சில நேரம் புகை வரும். அதைப் பேச வைக்க ஒரு ஆசான் வேண்டும். அந்த ஆசான் தன் மாடி அறையில், கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, யாரும் வருவதில்லை என்று வருந்திக்கொண்டிருக்கிறார். இந்தப் பொழுதுபோக்கைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு என்று நினைக்கிறேன். சேகரிப்பவர் கற்றுக்கொடுப்பவராக மாற வேண்டும். அலமாரி, வேலை மேசையாக மாற வேண்டும்.

ஏக்கம் வேறு, கதை வேறு

பெரியவர்கள் செய்யும் முதல் தவறு, தங்கள் ஏக்கத்தையே இளையவர்களுக்குக் கொடுக்கப் பார்ப்பது. 'அந்தக் காலத்துல சிலோன் ரேடியோ கேட்டா…' என்று தொடங்கும் பேச்சு, சிலோன் ரேடியோவைக் கேட்டவருக்குத்தான் இனிக்கும். அதன் அறிவிப்பாளர்களான எஸ்.பி. மயில்வாகனனின் குரலையோ கே.எஸ். ராஜாவின் வேகத்தையோ கேட்டிராத பெண்ணிடம், அதை நினைத்து உருகு என்று சொல்ல முடியாது. சொந்த ஞாபகம் இல்லாத இடத்தில் ஏக்கம் எப்படி வரும்?

ஆனால் அதே செய்தியை நிகழ்ந்த கதையாகச் சொல்லுங்கள். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் தரம் குறைந்தவை என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றைக் குறைத்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட சக்திவாய்ந்த சிற்றலை அலைபரப்பி, போர் முடிந்தபின் ரேடியோ சிலோனின் கைக்கு வந்திருந்தது. நேயர்கள் குமிழைத் திருப்பினார்கள். இந்தியா முழுவதும் கொழும்பைக் கேட்டது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி, சினிமாப் பாட்டுகளை ஒலிபரப்பும் விவித் பாரதி சேவை தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் அரசின் ரசனைக் கொள்கையை, வீட்டுக்கூடத்தில் இருந்த குமிழ் தோற்கடித்த கதை இது. செல்போனில் என்ன பார்க்கலாம், என்ன பார்க்கக் கூடாது என்று விவாதிக்கும் இன்றைய மாணவருக்கு இது உடனே புரியும்.

இப்படிச் சொல்ல நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பினார்கள். அரசு வானொலி வருவதற்கு முன்பே பொழுதுபோக்காளர்கள் நடத்திய ஒலிபரப்பு அது. பணம் தீர்ந்து 1927இல் நின்றுபோனது. கருவிகளைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள், மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும்தான் வந்தன. தமிழ்நாட்டு வானொலியின் தொடக்கமே ஒரு கிளப் என்பதை எத்தனை கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

கோவையில் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் அறிவித்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டீ. 27 என்ற நெல் ரகத்தை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு அதைப் பயிரிட்டதால் வந்த பெயர் அது. ஊராட்சியின் ரேடியோ அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியாக ஊரே செய்தி கேட்டது. வீட்டில் ரேடியோ வைத்திருக்க ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, 1980களில்தான் அது ஒழிந்தது. அந்த லைசென்ஸ் புத்தகம் இன்னும் பல வீட்டுப் பீரோக்களில் கிடக்கிறது. அதை ரேடியோவோடு சேர்த்து வையுங்கள். பெட்டி யாருடையது, எந்த ஆண்டு வாங்கியது, எந்த ஊர் என்பதற்கு அதுவே சாட்சி. கதை இல்லாத ரேடியோ அலங்காரப் பொருளாகிவிடும்.

மின்சாரமே வேண்டாத முதல் ரேடியோ

கதை காதுக்கு. கைக்கு என்ன கொடுப்பது?

வால்வு செட்டை எடுத்த எடுப்பில் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. முதலில் கொடுக்க வேண்டியது கிறிஸ்டல் செட். இரண்டு அங்குலக் குழாய்த் துண்டின் மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுமார் 80 சுற்று சுற்ற வேண்டும். ஒரு கேங் கண்டன்சர், ஒரு ஜெர்மேனியம் டயோடு, ஒரு கிறிஸ்டல் இயர்போன். மாடியில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஏரியல் கம்பி, கீழே நல்ல எர்த். பக்கத்தில் வலுவான மத்திய அலை நிலையம் இருந்தால் போதும், காதில் குரல் கேட்கும். பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது. காற்றில் வரும் அலையின் சக்தியே இயர்போனை அசைக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் பண்பேற்றத்தையும் டயோடையும் மதிப்பெண்ணுக்காகப் படித்த பிள்ளை, தான் சுற்றிய கம்பியில் செய்தி வாசிக்கும் குரலைக் கேட்கும் நொடியில் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எத்தனை விளக்கப் படம் காட்டினாலும் அந்த மாற்றம் வராது. இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கலாம். அலையை உணர கலீனா படிகத்தைப் பயன்படுத்தும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். கிறிஸ்டல் செட்டின் முன்னோடி கல்கத்தாவில் பிறந்தது.

அடுத்த படி டிரான்சிஸ்டர் ரேடியோ. ஆறு வோல்ட், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் உயிருக்குப் பயம் இல்லை. பழைய வீடுகளில் தேடினால் பரணில் ஒன்றாவது கிடைக்கும். பேட்டரி கசிந்து பச்சை பூத்த ஸ்பிரிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும், கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்கு மருந்து விடுவதும், அறுந்த டயல் கயிற்றை மறுபடி கட்டுவதும் முதல் பாடங்கள். டயல் கயிறு கட்டுவது சின்ன வேலையாகத் தெரியும். எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் ஸ்பிரிங் என்று தெரியாவிட்டால் ஒரு முழுப் பொழுதை விழுங்கிவிடும். ஒரு முறை சரியாகக் கட்டிவிட்டால், அந்தப் பிள்ளை உங்களை விடாது.

துப்பறியும் வேலையும் இதில் உண்டு. பிலிப்ஸின் ஏ.எஃப். 117 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களின் உலோகக் கூட்டுக்குள், காலப்போக்கில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீய முடிகள் வளர்கின்றன. அவை உள்ளே இருக்கும் இணைப்புகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். அறுபதுகளின் எத்தனையோ ஐரோப்பிய செட்டுகள் ஊமையானது இதனால்தான். கூட்டுக்கு இருக்கும் நான்காவது காலை வெட்டிவிட்டால் பல நேரம் ரேடியோ மறுபடி பேசும். இந்த மாதிரி நோயும் மருந்தும் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் தலைக்குள் இருப்பது தாளில் இல்லை.

வால்வு செட்: பயமும் அழகும்

பிறகுதான் வால்வு. இங்கே ஆசான் கண்டிப்பாக உடன் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வால்வு செட்டின் உள்ளே ஹெச்.டி. லைன் என்ற உயர் மின்னழுத்தப் பாதையில் 200 முதல் 250 வோல்ட் வரை டி.சி. மின்னழுத்தம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும். இதைவிட ஆபத்தானது, யூ.சி.ஹெச். 81, யூ.சி.எல். 82 என்று 'யூ' எழுத்தில் தொடங்கும் வால்வுகள் போட்ட ஏ.சி./டி.சி. செட். அதில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால், வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராகச் சேசி என்ற உலோக அடித்தட்டில் சேர்ந்திருக்கும். பிளக் திரும்பிச் செருகப்பட்டால் சேசி முழுவதும் ஃபேஸ். குமிழ் கழன்று வெறும் உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால், அதைத் தொடுவதும் மின்கம்பியைத் தொடுவதும் ஒன்றுதான்.

எனவே விதிகள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஏ.சி./டி.சி. செட்டைத் திறந்து வேலை செய்யக் கூடாது. கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்கக் கூடாது. ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அளக்கப் பழக வேண்டும். பல காலம் உறங்கிய செட்டை நேராக பிளக்கில் செருகவே கூடாது. பழைய குண்டு பல்பை சீரீஸில் போட்டுத்தான் முதல் மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து எச்சரிக்கும். நலமாக இருந்தால் மங்கலாகும். பழைய ரேடியோ மெக்கானிக் கடைகளில் இந்த சீரீஸ் பல்பு சுவரிலேயே தொங்கும். பல்லாயிரம் ரூபாய்க் கருவிக்குச் சமமான அறிவு அது.

பழைய பேப்பர் கண்டன்சர்கள் கிட்டத்தட்ட எல்லாமே கசியும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சர் கசிந்தால், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துத் தானும் சாகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். அந்த ஒரு சின்னக் கண்டன்சரை மாற்றாமல் செட்டை ஓட விட்டு, மாற்றுக் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரைப் பறிகொடுத்தவர்கள் பலர். இப்படி எது, ஏன் என்று சொல்லிக்கொடுத்தால் இளைஞர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். 'தொடாதே, உடைஞ்சிடும்' என்று மட்டும் சொன்னால் போய்விடுகிறார்கள்.

இவ்வளவு சிரமத்துக்குப் பலன் என்ன? சுவிட்சைப் போட்டபின் அரை நிமிடம் மௌனம். வால்வுகளின் இழை மெல்லச் சிவக்கும், சூடான தூசும் வார்னிஷும் கலந்த வாசனை எழும். நிலையம் பிடிபடுவதைக் காட்டும் 'மேஜிக் ஐ' வால்வு பச்சையாகக் கண் விழிக்கும். நிலையம் சரியாகப் பிடிபடும்போது அந்தப் பச்சையில் உள்ள நிழல் சுருங்கும். டயல் கண்ணாடியில் கொழும்பு, டெல்லி, லண்டன் என்று ஊர்ப் பெயர்கள் ஒளிரும். இதைச் சரிசெய்தது நான் என்ற எண்ணம் ஒரு இருபது வயதுப் பிள்ளைக்கு வந்துவிட்டால், அடுத்த செட்டை அவரே தேடிப் போவார்.

புளூடூத் சண்டை

சேகரிப்பாளர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடுவே பெரிய சண்டை புளூடூத்தில்தான். மரப்பெட்டியின் உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு புளூடூத் போர்டும் ஆம்பிளிஃபயரும் போட்டு, 'ரெட்ரோ ஸ்பீக்கர்' என்று செய்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இது கோயில் சிலையை உடைப்பது போல வலிக்கிறது.

அந்த வலி எனக்குப் புரிகிறது. ஓடக்கூடிய சேசியை, அல்லது சரிசெய்யக்கூடிய சேசியைக் குப்பையில் போடுவது அநியாயம். அதை ஏற்பதற்கில்லை. ஆனால் எலி கடித்து, துரு தின்று, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, பெட்டி மட்டும் மிஞ்சிய செட்டும் உண்டு. அதில் ஒரு பிள்ளை தன் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். திட்டி அனுப்பினால் ஒரு ஆர்வலரை இழப்பீர்கள். கூட உட்கார்ந்து, பெட்டியில் புதுத் துளை போடாமல் செய்வது எப்படி என்று காட்டினால், அடுத்த பெட்டியில் அவர் வால்வைக் கேட்பார். கழற்றிய சேசியையும் வால்வுகளையும் வாங்கி வையுங்கள், வேறொரு செட்டுக்கு உயிர் கொடுக்கும்.

இதைவிட நல்ல நடுவழி ஒன்று உண்டு. பெரும்பாலான வால்வு செட்டுகளின் பின்புறத்தில், கிராமபோன் பிக்-அப் இணைக்க இரண்டு துளைகள் இருக்கும். செல்போனின் பாட்டை அங்கே கொடுத்தால், இளையராஜாவோ அனிருத்தோ, வால்வு வழியாகவே வருவார். செட்டில் ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டியதில்லை. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஏ.சி./டி.சி. செட்டில் செய்தால் செல்போன் வழியாகக் கையில் ஷாக் அடிக்கலாம்.

கேட்க என்ன இருக்கிறது?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. நம் வீட்டு வால்வு செட்டுகள் அதற்கு முந்தியவை. இன்று மக்கள் கேட்கும் எஃப்.எம். நிலையம் எதுவும் அவற்றில் வராது. அவற்றில் வரும் மத்திய அலை ஒலிபரப்பை அகில இந்திய வானொலி பல ஊர்களில் படிப்படியாகக் குறைத்துவருகிறது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று முடிந்தது. சிற்றலையில் தமிழ்க் குரல்கள் அருகிவிட்டன. மிஞ்சியதையும் எல்.இ.டி. பல்புகளும் செல்போன் சார்ஜர்களும் போடும் இரைச்சல் அமுக்குகிறது.

இந்த நிலைமையே ஒரு அவசரத்தைத் தருகிறது. அலை இருக்கும்போதே இந்தத் தலைமுறை ஒரு முறையாவது அதைக் கேட்டுவிட வேண்டும். மாலையில், வீட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு பேட்டரி ரேடியோவை மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மத்திய அலையை உறிஞ்சும் 'டி' அடுக்கு, சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்பும். பகலில் உள்ளூர் நிலையம் மட்டுமே வந்த டயலில், இரவானதும் தெரியாத மொழிகள் ஏறி இறங்கும். இது என்ன மொழி, எந்த நாடு என்று ஊகிப்பதே ஒரு விளையாட்டு. இன்டர்நெட் இல்லாமல், கட்டணம் இல்லாமல், வானமே கொண்டுவந்து தரும் குரல் என்று தெரியும்போது இளைஞர்கள் அசந்துபோகிறார்கள்.

கணினி பழகியவர்களுக்கு வேறு வாசல் திறக்கலாம். கணினியில் டி.வி. பார்க்க விற்ற சின்ன யு.எஸ்.பி. டாங்கிள், மென்பொருளின் துணையோடு ரேடியோவாக வேலை செய்யும். சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் படங்களை அதில் பிடிக்கலாம். திரையில் அலைகள் அருவியாக ஓடுவதைப் பார்த்த மாணவரிடம், எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் கண்டுபிடித்த சூப்பர்ஹெட்ரோடைன் முறையைச் சொல்லுங்கள். ஓர் அலையை இன்னொன்றோடு கலந்து, 455 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒரு நிலையான அலைவரிசைக்கு மாற்றிப் பெருக்கும் உத்தி அது. வால்வு செட்டின் மூடியைத் திறந்து, இங்கே கலக்கிறது, இந்த ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரில் வடிகட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். மென்பொருளில் மறைந்து கிடப்பது இங்கே கண்ணுக்குத் தெரியும். பழைய பெட்டி அவருக்குப் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

அங்கிருந்து, பொழுதுபோக்காளர்கள் தாங்களே அலைபரப்பிப் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கும் ஒரே எட்டு. இந்தியாவில் 12 வயது நிரம்பிய யாரும் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெறலாம். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் ஹாம்கள்தான். பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் சென்ற குழு, பேரிடருக்குச் சில நாட்கள் முன்பே வேறொரு முயற்சிக்காக அங்கே இருந்தது. அவரைப் பற்றி நம் மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடை என்றாலே ஆண்கள் கூடும் இடம் என்று இருந்த பழக்கத்தை இந்தப் பொழுதுபோக்கும் சுமந்துகொண்டிருக்கிறது. பாதிப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை.

கையை விட்டுக் கொடுங்கள்

சேகரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் கொஞ்சம் கடினமானது. ஒரே மாடல் மர்ஃபி மூன்று வைத்திருப்பவர் ஏன் ஒன்றைக் கொடுக்கக் கூடாது? மாணவரிடம் செலவழிக்கப் பணம் இல்லை. பழம்பொருள் கடைகளில் அலங்காரத்துக்கு வாங்குவோர் விலையை ஏற்றிவிட்டார்கள்.  முதல் செட் பரிசாகக் கிடைத்த பிள்ளை இரண்டாவதைத் தானே வாங்கிக்கொள்ளும். விற்பதானாலும் அவருக்கு வேறு விலை சொல்லுங்கள்.

அடுத்தது எழுதி வைப்பது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்து, ஊர் ஊராகக் கடை வைத்திருந்தவர்களின் அறிவு, பெரும்பாலும் செல்போன் கடைகளாக மாறிவிட்ட அந்தக் கடைகளோடு போய்க்கொண்டிருக்கிறது. எந்த வால்வுக்கு எது மாற்று, எந்தக் கம்பெனி செட்டில் எந்தக் கண்டன்சர் முதலில் போகும், பேண்ட் சுவிட்சை எதைக்கொண்டு துடைப்பது என்பதெல்லாம் தமிழில் பதிவாக வேண்டும். வீடியோவாக எடுத்தாலும் சரி. பெரியவர் பேசட்டும், பேரனோ பேத்தியோ படம் பிடிக்கட்டும். இதுவே இரண்டு தலைமுறை சேர்ந்து செய்யும் வேலையாகிவிடும்.

இடமும் இருக்கிறது. 2016 முதல் பள்ளிகளில் அமைக்கப்பட்டுவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் சால்டரிங் அயர்ன் முதல் மல்டிமீட்டர் வரை உண்டு. 2022இல் திருச்சியில் தொடங்கி அரசுப் பள்ளிகளில் நடக்கும் வானவில் மன்றம், அறிவியலைச் செய்து பார்த்துக் கற்பதற்கென்றே உள்ளது. ஓய்வுபெற்ற ஒரு ரேடியோ மெக்கானிக் அங்கே போய்க் கிறிஸ்டல் செட் கட்டிக் காட்ட என்ன தடை? தலைமையாசிரியர்கள் அழைக்க வேண்டும். அழைக்கும்வரை காத்திருக்காமல் இவர்களே போய்க் கேட்கவும் வேண்டும்.

பிப்ரவரி 13 உலக வானொலி தினம். 1946இல் ஐ.நா. வானொலி தொடங்கிய நாள். வழக்கமாக அன்று சேகரிப்பாளர்கள் கண்காட்சி வைப்பார்கள், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்போம், மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த முறை கண்காட்சியோடு நிறுத்த வேண்டாம். உங்கள் அலமாரியில் இருக்கும் பேசாத டிரான்சிஸ்டர் செட்டுகளில் ஒன்றை எடுத்து வையுங்கள். தெருவில், அடுக்ககத்தில், உறவில் உள்ள பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஸ்குரூ டிரைவரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.